மூன்று சுழிச் சுணை

கெட்டிலக்காவுக்கு வேறொரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் அதை ஒழுங்காக எழுதி, பக்கத்திலேயே ‘கோப்பை கழுவுபவர்’ என்று பதவியையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பதினோரு வருடமாக இரண்டு கையிலும் கெட்டிலோடு நடக்கிற ஒருத்தியைப் பார்த்தால் வாயில் வேறென்ன வரும்? கிடங்கில் மூட்டை தைப்பவர்களுக்கு அவள் கெட்டிலக்கா. முதலாளிக்குக் கெட்டிலம்மா. தலைமை டேஸ்டருக்கு மட்டும் வெறும் ‘ஏ கெட்டில்’. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தையே கூப்பிடுவதுபோல.

தேயிலைக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது ருசி அறை. ஜன்னல் வடக்குப் பார்த்தது; வெயில் நேராக விழுந்தால் தேநீரின் நிறம் பொய் சொல்லும். ஜன்னலை ஒட்டி வெள்ளை ஓடு பதித்த நீளமான மேடை. காலை எட்டு மணிக்குக் கெட்டிலக்கா அதன்மேல் நாற்பது வெள்ளைக் கோப்பைகளை வரிசை கட்டுவாள். கோப்பைக்கு ஒரு மூடி போட்ட குவளை, குவளைக்குள் தராசில் நிறுத்த ஒரே அளவு இலை. தண்ணீர் கொதி வந்த கணத்தில் ஊற்றிவிட வேண்டும். ஆறிப்போனதை மறுபடி கொதிக்கவைத்து ஊற்றினால் தேநீர் சப்பென்று ஆகிவிடும். ஆறாவது நிமிடம் மணி அடித்ததும் குவளையைச் சரித்துச் சாற்றைக் கோப்பையில் வடித்து, வெந்த இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைப்பாள். நாற்பதும் தயாரான பிறகு தலைமை டேஸ்டர் வருவார்.

அவரைக் கம்பெனியே ‘நாக்கு சார்’ என்றுதான் சொல்லும். கரண்டியால் சாற்றை அள்ளுவார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தத்தோடு உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றி, சக்கரம் வைத்த தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே போய் அதில் துப்புவார். அடுத்த கோப்பை. நாற்பதுக்கும் அதே கரண்டி. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே மேடையோரம் நின்று துப்பியவர்கள். அதனால் கம்பெனியில் ஒரு நம்பிக்கை கெட்டிப்பட்டுப் போயிருந்தது: ருசி அறியும் நாக்கு பரம்பரையாக வரும். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் முதலாளி நாக்கு சாரைக் காட்டி, “மூணு தலைமுறை நாக்கு!” என்பார். நாக்கு சார் வாயை மூடிக்கொண்டு புன்னகைப்பார்.

நாக்கு ஒரு தசை. அதன்மேல் சுவை மொட்டுகள். பிறக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அது உண்டு. வம்சாவளியை வாயில் அடக்கிக்கொண்டு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. ஆனால் உலகத்தில் பாதி நாற்காலிகள் இப்படித்தான் நிரம்பியிருக்கின்றன. தாத்தா உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்தார், சூடு ஆறுவதற்குள் மகன் உட்கார்ந்தாயிற்று. அதற்குத் திறமை என்று பெயர்.

கழுவு தொட்டிக்கு மேலே தாத்தா காலத்துப் பலகை ஒன்று தொங்கியது: ‘கழுவுபவர்கள் கோப்பையில் வாய் வைக்கக் கூடாது. மீறினால் வேலை இல்லை.’ அவர் துப்பினால் தொழில். அவள் குடித்தால் தீட்டு.

வேலைக்கு வந்த முதல் வாரமே கெட்டிலக்கா குடித்தாள். ‘நாற்பதும் டீதானே, இதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்ற சாதாரணச் சந்தேகம். கொட்டப்போகிற சாற்றில் கோப்பைக்கு ஒரு வாயாக நாற்பதையும் ருசி பார்த்தாள். ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இரண்டாம் வருடத்திலேயே ஒரு வாய் குடித்தால் போதும், அது கிடங்கில் எந்த வரிசை, எந்தப் பெட்டி என்று மாடியிலிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் தென்படுவார். எந்தத் தேநீரைக் கொடுத்தாலும், “சூடா இருக்கா? அப்ப நல்லாத்தான் இருக்கு” என்பார். அவரை நம்பி எதுவும் பேச முடியாது. நாத்தனார் தையல்காரி. முன்னறையில் மெஷின், சுற்றிலும் துணி. கெட்டிலக்கா மடித்துக் கொண்டுவரும் பொட்டலத்து இலையை இருவரும் பால், சர்க்கரை இல்லாமல் போட்டுக் குடிப்பார்கள். அப்படியொரு மாலையில்தான் நாத்தனார் சொன்னாள்:

“அண்ணி, இது நாக்குல வழுக்குது பாரு. கோட்டுக்கு உள்ளே வெச்சுத் தைக்கிற லைனிங் துணி மாதிரி.”

“அடிப்பாவி! ஒரு வருஷமா நான் தேடிட்டிருந்த வார்த்தை. அப்ப நேத்திக்குக் குடிச்சோமே?”

“அது கம்பளி. தொண்டையில சொறியுது.”

அதிலிருந்து அந்த வீட்டில் தேநீருக்குத் துணிக்கணக்கு வந்தது. சிலது மல் துணி, சிலது சாட்டின், சிலது பத்து தடவை துவைத்து நைந்துபோன வேட்டி. மணத்துக்குக் கெட்டிலக்காவே பெயர் கண்டுபிடித்தாள்: சீவிய பென்சில், அணைத்த தீக்குச்சி, பட்டாணி உரித்த விரல், வறுத்த கடலையின் சிவப்புத் தோல், முதல் தூறல் விழுந்த சிமெண்ட் தரை. கசப்பும் துவர்ப்பும் ஒன்றல்ல என்பதையும் அவளாகவே பிரித்தாள். கசப்பு ஒரு சுவை. துவர்ப்பு தொடுகை, வாய்க்குள் யாரோ சுருக்குக் கயிற்றை இழுக்கிற மாதிரி. இதை விஞ்ஞானிகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. இவளுக்குக் கழுவு தொட்டி.

மூன்று வருடத்துக்கு முன்பு கம்பெனி உதிரித் தேயிலையைச் சின்ன டப்பாக்களில் அடைத்து விற்க ஆரம்பித்தது. கடையில் நிற்கிறவர் டப்பாவைத் திறந்து பார்க்க முடியாதே. அதனால் ருசி எப்படி இருக்கும் என்று லேபிளில் நாலு வரி வேண்டும் என்றார் முதலாளி. நாக்கு சார் பதிவேட்டைத் திறந்தார். மூன்று தலைமுறை அதில் எழுதியிருந்தது மூன்றே வார்த்தை: ‘நன்று’, ‘மிக நன்று’, ‘சுமார்’. இரண்டு நாள் பேனாவைக் கடித்தார். மூன்றாம் நாள், கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து விளையாட்டாகக் கேட்டார்.

“ஏ கெட்டில், நீதான் திருட்டுத்தனமா குடிக்கிறியே. இது எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்.”

பிடிபட்ட திகைப்பில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். “கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின சட்டை சார். முதல் வாய் வெறைப்பா நிக்குது. முழுங்கினப்புறம் கரும்புச் சக்கை வாசனை.”

நாக்கு சார் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

அன்றிலிருந்து தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, “ம், அடுத்தது?” என்பார். அவள் குடித்துச் சொல்வாள், அவர் எழுதுவார். டப்பாக்கள் பறந்தன. லேபிளைப் படிக்கவே ஆட்கள் வாங்கினார்கள். ‘மூன்று தலைமுறை நாக்கு எழுதிய வரிகள்’ என்று முதலாளி டப்பாவின் அடியிலேயே அச்சடித்துவிட்டார்.

ஏழாம் எண் தேயிலை மட்டும் ஒருநாள் அவளைத் தடுமாற வைத்தது. இளங்கொழுந்து, இலை நுனியில் வெள்ளி முடிபோல மயிர். சாறு துவர்ப்பு என்று சொல்லுமளவு இழுக்கவில்லை, ஆனால் நாக்கின் நடுவில் ஏதோ குத்திவிட்டுப் போனது. பூசணித் தண்டைக் கிள்ளினால் விரலில் ஏறுமே, கண்ணுக்குத் தெரியாத முள், அது.

“சுணை சார்,” என்றாள். “நாக்கு நடுவுல மெல்லிசா ஒரு சுணை.”

அவர் எழுதிக்கொண்டார்.

இந்த வருடம் மாதிரிகள் நாற்பதிலிருந்து எண்பதானபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘உதவி டேஸ்டர் தேவை.’ கெட்டிலக்கா அரைப்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. பழகிப்போனவர், அவ்வளவுதான்.

“ஆசைப்படறது தப்பில்ல கெட்டிலம்மா. ஆனா இது நாக்கு வேலை.”

“எனக்கும் இருக்குங்க சார்.”

“என்ன இருக்கு?”

“நாக்கு.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “அது சரி! ஆனா பரம்பரை வேணுமேம்மா. நம்ம சாரோட அக்கா பையன் இருக்கார். வெள்ளிக்கிழமை வெளியூர்லேர்ந்து ஒன்பது கடை வெச்சிருக்கற அம்மா வர்றாங்க, அவங்க முன்னாடியே சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அந்த அக்கா பையனுக்கு நாற்பது வயது. செல்போன் உறை விற்கிறவர். புகையிலை போட்டுப் போட்டு வாய் மரத்துப்போனவர். தேநீரையும் வெந்நீரையும் நிறத்தை வைத்துப் பிரிக்கக்கூடியவர்.

கெட்டிலக்கா நேராக ருசி அறைக்கு வந்தாள். “சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. லேபிள்ல இருக்கறது என் வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியும்.”

நாக்கு சார் கரண்டியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “நீ நூறு சொன்னே. எதை எழுதணும்னு முடிவு பண்ணினது யாரு? நான்தானே?” பிறகு கழுவு தொட்டிப் பக்கம் தாடையை நீட்டினார். “அதோட, மூணு வருஷமா கோப்பையில வாய் வெச்சேன்னு நீயே போய் ஒத்துக்குவியா? பலகையில என்ன எழுதியிருக்கு?”

அதுதான் பொறி. வார்த்தை தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், குடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் கோப்பை கழுவுகிற வேலையும் போகும். சட்டம் போடுகிறவர்கள் எப்போதுமே கெட்டிக்காரர்கள். திருட்டைக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி முதலிலேயே திருட்டுக்கொடுத்தவளைக் குற்றவாளியாக்கி வைத்துவிடுவார்கள்.

வீட்டில் நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டே திட்டினாள்.

“உனக்குச் சுணையே இல்லையா அண்ணி? உன் வாயில இருந்த வார்த்தைய எடுத்து அந்த ஆள் தன் வாயில ஒட்டிக்கிட்டான். நீ அவனுக்குக் கோப்பை கழுவி வெக்கறே!”

“வாயைத் தெறந்தா வேலை போயிடும்டி.”

“மூணு வருஷமா அவனுக்காகத் தெறந்தியே, அப்பப் போகலையே? இப்ப உனக்காகத் தெறந்தா மட்டும் போயிடுமா?”

இலையின் முள்ளுக்கும் மனிதரின் ரோஷத்துக்கும் தமிழில் ஒரே சொல் ஏன் என்று கெட்டிலக்கா யோசித்தாள். சுணை போன இலையை எந்தப் பூச்சியும் தின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா வந்தார். கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, கையில் தன்னுடைய டம்ளர். முதலாளி வழக்கம்போல “மூணு தலைமுறை நாக்கு” என்று அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா பையிலிருந்து ஏழாம் எண் டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தார்.

“சார், மத்த டப்பாவெல்லாம் லேபிள்ல இருக்கற மாதிரியே இருக்கு. அசந்துபோயிட்டேன். இது ஒண்ணுதான் எனக்குப் புரியல. ‘நாக்கின் நடுவே மெல்லிய சுனை’ன்னு போட்டிருக்கீங்க. சுனைன்னா?”

நாக்கு சாருக்கு உற்சாகம் பிறந்தது. “மலையில பாறைக்கு நடுவுல ஊறுமேம்மா, சுனை, அதுதான். இந்தத் தேநீர் அப்படி. முதல்ல ஒண்ணும் தெரியாது. திடீர்னு நாக்கு நடுவுல ஒரு குளிர்ச்சி ஊறும். இனிப்பா, வழவழன்னு, தெளிஞ்ச தண்ணியா...”

“எனக்கு அப்படி ஊறவே இல்லையே சார்.”

“ஊறும். பொறுமையா குடிக்கணும். எல்லா நாக்குக்கும் உடனே பிடிபடாது.”

“ரெண்டு மாசமாப் பொறுமையாத்தான் குடிக்கிறேன். எனக்குக் குத்துது.”

அந்த நேரத்தில் கெட்டிலக்கா இரண்டு கையிலும் கொதிக்கிற கெட்டிலோடு மேடைக்கு வந்திருந்தாள். லேபிளை எட்டிப் பார்த்தாள். டப்பாக்கள் கீழ்க் கிடங்கில் ஒட்டப்பட்டு அங்கிருந்தே போய்விடும். ஏழாம் எண் லேபிளை அவள் அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுனை. ரெண்டு சுழி.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் பலகை ஞாபகம் வந்தது. அதற்குள் வாய் திறந்துவிட்டது.

“அது சுனை இல்லீங்க. சுணை. மூணு சுழி ண.”

அறையில் கெட்டில் மட்டும் புஸ்ஸென்றது.

“பூசணித் தண்டுல இருக்குமே, அந்தச் சுணை. நான் சொன்னேன், சாருக்குக் காதுல ரெண்டு சுழியா விழுந்திருக்கு.”

“அச்சுப் பிழை!” என்றார் நாக்கு சார் அவசரமாக. “அச்சாபீஸ்காரன் பண்ணின கோளாறு. நான் எழுதினது சுணைதான்.”

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். “அப்ப இப்ப ஒரு மலையையே ஏறி இறங்கினீங்களே சார், பாறை, குளிர்ச்சி, தெளிஞ்ச தண்ணி? அதுவும் அச்சாபீஸா?”

முதலாளியின் முகம் ஆறிய தேநீர் நிறத்துக்குப் போனது. “கெட்டிலம்மா, நீங்க சொன்னீங்களா? அப்ப... குடிச்சீங்களா?”

“பதினோரு வருஷமாக் குடிக்கிறேங்க. பலகையைப் படிச்சுட்டுத்தான் குடிச்சேன்.”

“இவ பொய் சொல்றா சார்!”

“யார் பொய்யின்னு பேசிட்டே இருப்பானேன்?” என்றார் கடைக்காரம்மா. “டீ இருக்கு, தண்ணி கொதிக்குது. பாத்துட்டாப் போச்சு.”

அந்த அம்மாவுக்கு ஒரு விஞ்ஞானியின் புத்தி. ஐந்து தேயிலையைத் தானே நிறுத்துப் போட்டு, கோப்பைக்கு அடியில் பேனாவால் குறி வைத்தார். இருவரும் தனித்தனியாகக் குடித்துத் தனித்தனிக் காகிதத்தில் எழுத வேண்டும். பிறகு இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அதே ஐந்தையும் புதிதாக ஊற்றிக் கோப்பைகளைக் கலைத்துப்போட்டு, மறுபடி எழுதச் சொல்வார். “ஒரே கோப்பைக்கு ரெண்டு தடவையும் ஒரே ருசி வருதா, இல்லையா. அவ்வளவுதான்.” இந்த எளிய யோசனை மூன்று தலைமுறையாக அந்தக் கட்டடத்தில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

நாக்கு சாருக்குத் திடீரென்று ஜலதோஷம் பிடித்தது. இருந்தாலும் எழுதினார். முதல் சுற்றில் இரண்டு ‘மிக நன்று’, இரண்டு ‘நன்று’, ஒரு ‘சுமார்’. இரண்டாம் சுற்றிலும் அதே கணக்குத்தான், கோப்பைகள்தான் மாறிப்போயிருந்தன. முதலில் ‘சுமார்’ வாங்கியது இப்போது ‘மிக நன்று’.

கெட்டிலக்காவின் காகிதத்தை முதலாளியே உரக்கப் படித்தார். மல் துணி, பூவைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்ட வெந்நீர். லைனிங் துணி, பட்டாணி உரித்த விரல். சாட்டின், கடலைத் தோல். கம்பளி, அணைத்த தீக்குச்சி. கடைசியாக: சுணை. இரண்டாவது காகிதத்திலும் ஐந்தும் அந்தந்தக் கோப்பைக்கே வந்து உட்கார்ந்திருந்தன. தீக்குச்சிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக: ‘இந்தத் தடவை மறுபடி கொதிக்கவைத்த தண்ணீர். சப்பென்றிருக்கிறது.’

கடைக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆமாங்க. கெட்டில்ல தண்ணி கொறைஞ்சுபோச்சு, கடைசிக் கோப்பைக்கு அடியில கிடந்த பழசைச் சூடாக்கி ஊத்திட்டேன்.”

முதலாளி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினோரு வருடம் தலைக்கு மேலேயே இருந்த ஒன்றை முதன்முதலாக நிமிர்ந்து பார்க்கிறவரின் முகம். பிறகு தொண்டையைச் செருமினார். “சரி. திங்கள்கிழமைலேர்ந்து நீங்க மேடையில நில்லுங்கம்மா. அக்கா பையனுக்கு நான் சொல்லிக்கறேன்.”

கெட்டிலக்கா பேனாவை மூடி மேடைமேல் வைத்தாள்.

“ஆனா ஒண்ணு,” என்றார் முதலாளி. “லேபிள் அப்படியே இருக்கட்டும். சுனைன்னு படிச்சாத்தான் ஜனங்களுக்குக் கேக்க நல்லா இருக்கு. முள்ளு, மயிருன்னா யாரு வாங்குவா?”

“அப்ப எனக்கு அந்த வேலை வேண்டாங்க சார்.”

முதலாளி திகைத்தார். அந்த வேலைக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்தவள் இவள்தானே?

“சுனைன்னு நம்பி வாங்கிட்டுப் போய்க் குடிப்பாங்க. குத்தும். குத்தினதும் டப்பாவைச் சந்தேகப்பட மாட்டாங்க சார், தன் நாக்கைத்தான் சந்தேகப்படுவாங்க. பெரியவங்க எழுதியிருக்காங்க, நமக்குத்தான் ருசி தெரியலன்னு. அந்த அநியாயத்துக்கு என் வாய் வேண்டாம்.”

“ரெண்டு மாசம் நானே அப்படித்தான் நெனச்சேன்,” என்றார் கடைக்காரம்மா. “எனக்கு மூணு சுழி போட்டே அனுப்புங்க. கீழே பூசணித் தண்டுன்னு ஒரு விளக்கமும் வரணும்.”

முதலாளி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கும்பிடாத குறையாகத் தலையாட்டினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிடங்கில் மீதமிருந்த டப்பாக்களில் பேனாவால் சுழி சேர்த்தார்கள். உதவிக்கு வந்த நாத்தனார் பாதியில் கையை உதறினாள். “ஒரு சுழிய முழுங்கின மனுஷன் நம்மள எத்தன சுழி போட வெக்கறான் பாரு அண்ணி.”

திங்கள்கிழமை காலை எண்பது கோப்பைகள். கழுவுவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். நாக்கு சாருக்குச் செவ்வாய். தாத்தா காலத்துப் பலகை இப்போது மேடைமேல் படுத்திருந்தது, கொதிக்கிற கெட்டிலுக்கு அடியில். அளவு கச்சிதம்.

கெட்டிலக்கா தன் கரண்டியை எடுத்துக்கொண்டு, நாக்கு சாருக்கே போட்டியாகக் காற்று இறங்குகிற சத்தத்தோடு முதல் கோப்பையை உறிஞ்சினாள். பதிவேட்டில் நாலு வரி எழுதினாள். எதிர்ப் பக்கம் நாக்கு சார் பேனாவோடு நின்றார். அவருடைய பக்கம் வெறுமையாக இருந்தது. கதவைப் பார்த்தார்; அது திறந்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“இது... எப்படி இருக்குங்க?”

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ‘ங்க’. கெட்டிலக்கா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“குடிச்சுப் பாருங்க சார்.”